கல் பங்களா கண்ட சலிவன் துரை

உதகமண்டலத்து அரசினர் கலைக்கல்லூரி வளாகத்தில் நிற்கும் கல் பங்களாவே அந்நகரில் எழுந்த முதல் ஐரோப்பிய இல்லமாகும். அதனைக் கட்டியவர் கோயமுத்தூர்க் கலெக்டராயிருந்த ஜான் சலிவன் துரை. 1788-இல் பிறந்த இவர், 1819-இல் நீலகிரி ஏறி, கோத்தகிரியை அடுத்த கன்னேரிமுக்கில் முதலில் ஒரு மனை அமைத்தார். பின்னர்த் தோதவரிடம் நிலம் வாங்கி, 1822-இல் இக்கல்வீட்டைத் தொடங்கினார். இங்கிலாந்தின் நாட்டுப்புற வீட்டை நினைந்து எழுப்பிய மனையாயினும், அதன் சுவர்களுக்கு அம்மலைக் கல்லே உதவிற்று. பெயரும் அதனால் வந்ததே. ஊரின் ஏரியும் இவர் முயற்சியாற் பிறந்தது.

தாம் மிகுதியாக நிலம் கொண்டிருந்தும், மலைநிலம் தோதவர்க்கே உரியதென மேலதிகாரிகளிடம் வாதாடினார், விந்தையன்றோ! அவ்வழக்கில் அவர் கருத்து நிலைபெறவில்லை. 1838-இல் மனைவி ஹென்ரியெட்டாவையும் மகளையும் இழந்தார்; இருவரும் புனித ஸ்தேவான் ஆலயத்துக் கல்லறையில் உறங்குகின்றனர். 1841-இல் தாய்நாடு திரும்பிய சலிவன், 1855-இல் அங்கே காலமானார்.