ஒளிரும் மலையும் இரு குரல்களும்

மலையேறிகளுள் எழுத வல்லவர்கள் பலர். தாம் செய்த செயலுக்குத் தம் சொல் மட்டும் சாட்சியாகப் போதாது என்று கருதி, உடன் வந்தவரின் மாறுபட்ட குரலுக்கும் தம் நூலிலேயே இடம் தந்தவர்கள் மிகச் சிலர். அச்சிலருள் ஒருவர் பீட்டர் போர்ட்மன். முப்பத்தொரு வயதில் எவரெஸ்டின் வடகிழக்கு முகட்டில் மறைந்த இந்த ஆங்கிலேயர், இமயத்தின் செங்குத்துப் பாறைகளில் செய்த அருஞ்செயல்களுக்காக நினைக்கப்படுகிறார். அச்செயல்களைச் சொல்லில் வைப்பதில் அவர் காட்டிய நேர்மை, கவிதையோடும் உரைநடையோடும் உறவு கொண்டோர் எண்ணிப் பார்க்கத் தக்கது.

போர்ட்மன் 1950 டிசம்பர் 25 அன்று, மான்செஸ்டருக்கு அருகிலுள்ள ஸ்டாக்போர்ட் நகரில் பிறந்தார். பள்ளி நாட்களிலேயே அண்டைக் குன்றுகளின் பாறைகள் அவரை ஈர்த்தன. நாட்டிங்ஹாம் பல்கலைக்கழகத்தில் ஆங்கில இலக்கியம் பயின்றார். பின்னர் வடக்கு வேல்ஸிலுள்ள பாங்கரில் ஆசிரியப் பயிற்சி பெற்றார். ஒருபுறம் நூல்கள், மறுபுறம் பாறைகள் என்று அமைந்த அவ்விளமையில், இரண்டையும் வேறு வேறு உலகங்களாக அவர் பிரித்துக்கொள்ளவில்லை. 1972-இல் பல்கலைக்கழகத் தோழர்களுடன் ஆப்கானிஸ்தானின் இந்துகுஷ் மலைகளுக்கும், 1974-இல் அலாஸ்காவுக்கும் சென்றார். 1975-இல் பிரிட்டிஷ் மலையேற்றக் கழகத்தின் தேசிய அலுவலராகப் பொறுப்பேற்றார். அவ்வாண்டே, கிறிஸ் போனிங்டன் தலைமையில் எவரெஸ்டின் தென்மேற்கு முகத்தை ஏறச் சென்ற பெருங்குழுவில் அவருக்கு இடம் கிடைத்தது.

செப்டம்பர் 24 அன்று டக் ஸ்காட்டும் டூகல் ஹேஸ்டனும் உச்சியை எட்டினர். இரண்டு நாட்களுக்குப் பின், 26 அன்று, போர்ட்மனும் பெர்டெம்பா ஷெர்பாவும் உச்சியில் நின்றனர். போர்ட்மனுக்கு அப்போது இருபத்து நான்கு வயது. இறங்கும் வழியில், உச்சிக்குச் சற்றுக் கீழே, தனியாக ஏறிவந்துகொண்டிருந்த மிக் பர்க்கைச் சந்தித்தனர். பர்க் உச்சியைத் தொட்டுவிட்டு வருவதென்றும், மற்ற இருவரும் தென்சிகரத்தில் காத்திருப்பதென்றும் முடிவாயிற்று. புயல் சூழ்ந்தது. ஒரு மணி நேரத்துக்கும் மேலாக இருவரும் காத்திருந்தனர். பர்க் வரவில்லை. மேலும் காத்திருந்தால் மூவரும் மாள நேரும் என்ற நிலையில், இறங்கும் முடிவை இளைஞரான போர்ட்மன் எடுக்க வேண்டியிருந்தது. பர்க்கை அதன்பின் எவரும் காணவில்லை. அவர் உச்சியை எட்டியிருக்கக் கூடும் என்று தோழர்கள் நம்பினர். சொல்லுதற்குச் சாட்சி இல்லை.

ஊர் திரும்பியவரைப் புகழ் சூழ்ந்தது. விருந்துகளும் சொற்பொழிவுகளும் தொடர்ந்தன. ஆனால் அப்புகழ் அவருக்கு நெருடலாகவே இருந்தது. பெரும் பொருட்செலவும், நூற்றுக்கணக்கான சுமைதூக்குவோரும், பிராணவாயுக் கலங்களும், பிறர் முன்னரே கட்டிவைத்த கயிறுகளும் சேர்ந்தே அவரை அவ்வுச்சிக்கு ஏற்றியிருந்தன. அதில் தம் பங்கு எவ்வளவு என்ற ஐயம் அவரைத் தின்றது. தம் கையால் ஒரு பாறையை வென்று, அப்புகழுக்குத் தாம் உரியவர்தாமா என்று தமக்கே விளக்கிக்கொள்ள வேண்டிய தேவை எழுந்தது. அவ்வேளையில்தான் ஜோ டாஸ்கர் ஒரு மலையின் படத்துடன் அவரை அணுகினார்.

டாஸ்கர் 1948-இல் பிறந்தவர். கத்தோலிக்கக் குடும்பத்துப் பிள்ளை. குருவாகும் எண்ணத்துடன் பதின்மூன்றாம் வயதில் குருமடம் புகுந்து, ஏழாண்டுகள் அங்குப் பயின்று, பின் அப்பாதையை விட்டு வெளியேறியவர். 1975-இல் டிக் ரென்ஷாவுடன் கார்வால் இமயத்தின் துரோணகிரியில் ஏறியவர். அவ்விருவரும் உணவும் நீரும் தீர்ந்துபோன நிலையில் உயிர் பிழைத்து இறங்கினர். ரென்ஷாவின் விரல்களைப் பனிக்கடி தாக்கியது. அந்தப் பயணத்தின்போது எதிர்ப்புறத்தில் டாஸ்கரின் கண்ணில் பட்டதே சங்கபாங் சிகரத்தின் மேற்குச் சுவர். நந்தாதேவியைச் சூழ்ந்து நிற்கும் மலைவேலியில், 6,864 மீட்டர் உயரத்துக்கு வெண்கிரானைட் கல்லால் எழுந்து நிற்கும் சிகரம் அது. ஒளிரும் மலை என்பது அதன் பெயருக்குச் சொல்லப்படும் பொருள். 1974-இல் இந்திய-பிரிட்டிஷ் கூட்டுக்குழு ஒன்று வேறொரு பக்கமாக அதன் உச்சியை முதன்முதலில் எட்டியிருந்தது. மேற்குச் சுவரை எவரும் தொட்டதில்லை. அதை ஏற முடிந்தால் இமயத்தில் அதுவரை நிகழ்ந்தவற்றுள் மிகக் கடினமான ஏற்றமாக அது அமையும் என்பது போனிங்டனின் கருத்து. இருவர் மட்டும் அதற்குச் செல்வது அறிவீனம் என்று எண்ணியோரும் இருந்தனர்.

கூடாரம் அமைக்கத் திண்ணை ஏதும் இல்லாத சுவரில், தொங்கு படுக்கைகளில் உறங்கலாம் என்று இருவரும் திட்டமிட்டனர். அதனைச் சோதிக்க, உணவுப் பொருள்களை உறையவைத்துக் காக்கும் குளிர்க்கிடங்கு ஒன்றில், சால்ஃபோர்ட் நகரில், இரவுகளைத் தொங்கியபடியே கழித்தனர். காலையில் போர்ட்மன் அங்கிருந்து அலுவலகத்துக்குச் செல்வார். 1976 ஆகஸ்டில் இந்தியாவுக்குப் புறப்பட்டு, ராமணி பனியாற்றின் ஓரத்தில் முகாம் அமைத்தனர்.

கடலோரப் பாறைகளில் அரை மணி நேரத்தில் இன்பமாக ஏறிவிடக் கூடிய நாற்பது மீட்டர்ச் சுவர், ஆறாயிரம் மீட்டருக்கு மேல் அரை நாளை விழுங்கிவிடும். காற்றின் செறிவு அங்கு ஏறத்தாழப் பாதிதான். நான்கு அசைவுகளுக்கு ஒருமுறை நின்று மூச்சு வாங்க வேண்டும். நுண்ணிய விளிம்புகளைப் பற்றுவதற்குக் கையுறையைக் கழற்றியாக வேண்டும். கழற்றினால் விரல்கள் மரத்துப்போகும். பிளவு உள்ள இடத்தில் இரும்பு ஆணியை அறைந்து, அதில் கயிற்றைக் கோத்து, ஒருவர் மேலேறுவார். மற்றவர் கீழே மணிக்கணக்கில் அசையாமல், குளிரில் விறைத்தபடி, கயிற்றைப் பிடித்துக் காத்து நிற்பார். ஏறுபவருக்காவது உடலில் சூடும் மனத்தில் கவனமும் இருக்கும். காப்பவருக்கோ காத்திருத்தலும் அச்சமும் மட்டுமே. ஏறிய இடத்தில் கயிற்றைக் கட்டி விட்டுவிட்டு இறங்கி, மறுநாள் அக்கயிற்றின் வழியே மீண்டும் ஏறி, அடுத்த நாற்பது மீட்டரைத் தொடங்குவார்கள். சுவரோ ஏறத்தாழ ஒன்றரைக் கிலோமீட்டர் உயரம் கொண்டது.

தொங்கு படுக்கைகள் சுவரில் பயன்படவில்லை. கடுங்குளிரில் பனிக்கட்டியை உருக்கிக் குடிநீர் ஆக்குவதற்கே பல மணி நேரமாயிற்று, உறக்கம் கூடவில்லை. சில இரவுகளுக்குப் பின் இருவரும் தோல்வியுற்றவர்களாக அடிவாரத்துக்கு இறங்கினர். அங்கிருந்தே ஊர் திரும்பியிருந்தாலும் எவரும் குறை கூறியிருக்கமாட்டார்கள். ஆனால் உடல் தேறியதும் மீண்டும் ஏறினர். இம்முறை சுவரின் நடுவிலிருந்த பனிச்சரிவில் இடம் வெட்டிச் சிறு கூடாரம் அமைத்தனர். அதற்கு மேலிருந்த கோபுரப் பாறையைக் கயிறு கயிறாக வென்றனர். 1976 அக்டோபர் 15 அன்று உச்சியில் நின்றபோது, எதிரே நந்தாதேவி முழுமையாகத் தெரிந்தது. சுவரில் அவர்கள் ஏறிய நாட்கள் மொத்தம் இருபத்தைந்து.

வெற்றியை நினைத்து மகிழ அவகாசம் கிட்டவில்லை. அவர்கள் இறங்கியபோது, அண்டைச் சிகரமான துரோணகிரியில் அமெரிக்கக் குழுவைச் சேர்ந்த நால்வர் விழுந்து மாண்டிருந்தனர். பல நாட்கள் உழைத்து ஓய்ந்த உடலோடு, போர்ட்மனும் டாஸ்கரும் அவ்வுடல்களைத் தேடி மேலே சென்றனர். கண்டெடுத்து, பனிப்பிளவில் அடக்கம் செய்தனர். தாம் எந்த விளிம்பில் இத்தனை நாட்கள் வாழ்ந்தோம் என்பது, ஏறும்போது புலப்பட்டதைவிட அங்கு நின்றபோது அவர்களுக்குத் தெளிவாகப் புலப்பட்டிருக்க வேண்டும்.

அந்த ஏற்றத்தை 'ஒளிரும் மலை' என்னும் பொருள்படும் பெயரில் போர்ட்மன் நூலாக்கினார். 1978-இல் அது வெளிவந்தது. இளம் எழுத்தாளர்களுக்குரிய ஜான் லூவெலின் ரைஸ் பரிசை மறு ஆண்டு பெற்றது. மலையேற்ற நூல்களில் வழக்கமாகத் தோழமை ஒரு குறையும் இன்றி விளங்கும். போர்ட்மன் அந்த மரபை மீறினார். இருவர் மட்டும் வாரக்கணக்கில் ஒரு கயிற்றில் கட்டுண்டு வாழும்போது எழும் எரிச்சலையும், மற்றவர் தம் தளர்ச்சியை அளந்துகொண்டிருக்கிறார் என்ற சந்தேகத்தையும், முதலில் அஞ்சுபவர் யார் என்ற மௌனப் போட்டியையும் அவர் மறைக்கவில்லை. அவற்றைத் தம் பார்வையில் மட்டும் சொல்லி முடிக்கவும் இல்லை. டாஸ்கர் எழுதிய பகுதிகளையும் இடையிடையே சேர்த்தார். ஒருவர் ஒருவகையாக உணர்ந்த தருணத்தை மற்றவர் வேறு வகையாக உணர்ந்திருந்தது அதனால் வாசகருக்குத் தெரியவந்தது. தம் எழுத்தின் அதிகாரத்தை எழுத்தாளரே குறைத்துக்கொள்ளும் இச்செயல் எளிதன்று. பர்க்கின் கடைசி மணித்துளிகளுக்குச் சாட்சி இன்றிப் போனதை அறிந்தவர், தாம் வாழ்ந்த மணித்துளிகளுக்கு இரண்டு சாட்சிகள் இருக்கட்டும் என்று எண்ணினார் போலும்.

அதன்பின் இருவர் பெயரும் இணைந்தே ஒலித்தன. 1978-இல் கே-2 மலையின் மேற்கு முகட்டில், அவர்கள் குழுவைச் சேர்ந்த நிக் எஸ்ட்கோர்ட் பனிச்சரிவில் மாண்டார், முயற்சி கைவிடப்பட்டது. 1979 மே 16 அன்று டக் ஸ்காட்டுடன் சேர்ந்து, பிராணவாயுக் கலங்கள் இன்றி, கஞ்சன்ஜங்காவின் வடமுகட்டு வழியாக மேலே சென்றனர். சிக்கிம் மக்கள் தெய்வமாகப் போற்றும் மலை என்பதால், இறுதிச் சில அடிகளைத் தொடாமல் விட்டு இறங்கினர். அதே ஆண்டு நவம்பர் 8 அன்று, வேறு தோழர்களுடன், கௌரிசங்கர் மலையின் தென்சிகரத்தைக் கூரிய மேற்கு முகட்டு வழியாகப் போர்ட்மன் எட்டினார். சிவனும் உமையும் உறைவதாக நேபாள மக்கள் போற்றும் மலை அது. இவ்விரண்டோடு நியூகினித் தீவின் கார்ஸ்டென்ஸ் சிகர ஏற்றத்தையும் சேர்த்துத் தம் இரண்டாவது நூலை எழுதினார். புனிதச் சிகரங்கள் என்பது அதன் தலைப்பின் பொருள். வெல்லுதல் என்ற சொல்லுக்கு எதிராக, வணங்குவோரின் கண்ணையும் ஏறுவோரின் காலையும் ஒரே நூலில் வைத்துப் பார்த்த முயற்சி அது. இதற்கிடையே சுவிட்சர்லாந்தின் லேசான் ஊரில் சர்வதேச மலையேற்றப் பள்ளியை நடத்தினார். 1980-இல் ஹிலரி காலின்ஸை மணந்தார். 1981 ஜூலையில் சீனாவின் கோங்கூர் சிகரத்தின் முதல் ஏற்றத்திலும் போனிங்டன், ஆலன் ரௌஸ், டாஸ்கர் ஆகியோருடன் பங்கு கொண்டார்.

1982 வசந்தத்தில் போனிங்டன், ரென்ஷா, டாஸ்கர், போர்ட்மன் ஆகிய நால்வரும் எவரெஸ்டின் வடகிழக்கு முகட்டுக்குச் சென்றனர். எட்டாயிரம் மீட்டருக்கு மேல் பாறைக் கூர்முனைகள் வரிசையாக வழிமறிக்கும் நெடுமுகடு அது. ரென்ஷா நோயுற்றார், போனிங்டன் களைத்து விலகினார். எஞ்சிய இருவரும் மே 17 அன்று மாலை, இரண்டாவது கூர்முனையை நெருங்குவதைத் தொலைநோக்கியின் வழியே கீழிருந்தோர் கண்டனர். அதன்பின் காணவில்லை. டாஸ்கர் தம் நூலின் கையெழுத்துப் படியைப் புறப்படும் முன்னர் ஒப்படைத்திருந்தார். போர்ட்மனின் இரண்டாவது நூலும் அவ்வாண்டே வெளியாயிற்று. பத்தாண்டுகள் கழித்து, 1992-இல், கஸாக் மலையேறிகள் அம்முகட்டில் ஓர் உடலைக் கண்டனர். அது போர்ட்மனுடையது என்று நிழற்படங்களின் வழி இனங்காணப்பட்டது. டாஸ்கரின் முடிவு எவ்வாறு நேர்ந்தது என்பது தெரியவில்லை. ஒருவர் மற்றவரின் சொல்லைத் திருத்தவும் நிரப்பவும் வல்லவராக இருந்த அவ்விருவரின் கடைசிப் பகலை எழுத எவரும் எஞ்சவில்லை.

அவர்கள் நினைவாகக் குடும்பத்தாரும் நண்பர்களும் 1983-இல் ஒரு பரிசை நிறுவினர். அது மலையேற்றத்துக்கு உரிய பரிசு அன்று; மலைகளைப் பற்றிய இலக்கியத்துக்கு உரியது. ஆண்டுதோறும் ஒரு நூலைத் தேர்ந்து வழங்கப்படும் அப்பரிசில் போர்ட்மன், டாஸ்கர் ஆகிய இரு பெயர்களும் சேர்ந்தே நிற்கின்றன. சங்கபாங்கின் மேற்குச் சுவரில் அவர்கள் அறைந்த ஆணிகள் துருப்பிடித்துப்போயிருக்கும். கட்டிய கயிறுகள் இற்றிருக்கும். அவற்றைப் பற்றி இருவரும் எழுதியவை, ஒன்றோடொன்று முழுதும் உடன்படாமலே, ஒரே அட்டைக்குள் இன்றும் வாசிக்கக் கிடைக்கின்றன.