இலாபக் கணக்கைச் சொன்ன ஜெனரல்

போரை ஏற்காத குவேக்கர் குடும்பத்தில் 1881இல் பிறந்தவர் ஸ்மெட்லி பட்லர். 16 வயதில், வயதைக் கூட்டிச் சொல்லி அமெரிக்க மரைன் படையில் சேர்ந்தார். தந்தை காங்கிரஸின் கடற்படை விவகாரக் குழுவுக்குத் தலைமை வகித்தவர். மகனோ பிலிப்பைன்ஸ், சீனா, நிகரகுவா, ஹெயிட்டி எனப் போரிட்டு, நாட்டின் அதியுயர் வீரப் பதக்கத்தை இரு தடவைகள் பெற்றார்.

1931இல் மேஜர் ஜெனரலாக ஓய்வுபெற்றதும், இத்தனை காலமும் வங்கிகளுக்கும் கம்பனிகளுக்குமே காவல் நின்றதாக ஊரூராகப் பேசினார். 1935இல் சிறு நூலொன்றும் எழுதினார். முதலாம் உலகப் போருக்கு முன் ஆண்டுக்குச் சராசரியாக 60 இலட்சம் டொலர் இலாபமீட்டிய டியூபொண்ட் வெடிமருந்துக் கம்பனி, போர்க்காலத்தில் 5 கோடி 80 இலட்சம் ஈட்டியதாக அதில் கணக்குக் காட்டினார்.

அவர் சொன்ன பரிகாரம் எளிது. இளைஞர்களைப் படைக்கு அழைக்குமுன், ஆயுத முதலாளிகளையும் வங்கியாளர்களையும் அரசியல்வாதிகளையும் சிப்பாயின் சம்பளத்துக்கே வேலைசெய்ய வைக்க வேண்டும். போர் வேண்டுமா என்பதை, களத்துக்குப் போகிறவர்களே வாக்களித்துத் தீர்மானிக்க வேண்டும். எதுவும் நடக்கவில்லை. 1940இல் காலமானார்.

எந்தப் போர்ச் செய்தியை வாசித்தாலும், சுட்டவர் யார் என்பதோடு விற்றவர் யார் என்றும் நம் பிள்ளைகள் கேட்கப் பழக வேண்டும்.