அறிவுரை சொல்லியும் மனுஷங்க மாறாதது ஏன்? கவுன்சலிங்கைப் புரட்டிப்போட்ட கார்ல் ரோஜர்ஸின் கதை

குடியை விடச் சொல்லி டாக்டர் சொல்கிறார், மனைவி சண்டை போடுகிறார், அம்மா அழுகிறார். கேட்பவரும் தலையாட்டுகிறார். அடுத்த வாரம் பார்த்தால் அதே கதை. சிகரெட், சர்க்கரை மாத்திரை, நடைப்பயிற்சி என எதை எடுத்தாலும் இதுதான் நடக்கிறது. எது நல்லது என்று தெரியாதவர்கள் இல்லை. பிறகு ஏன் மாற மாட்டேங்கிறாங்க?

இந்தக் கேள்விக்குக் கவுன்சலிங் துறை இன்று வைத்திருக்கும் முக்கியமான பதில்களில் ஒன்று, மோட்டிவேஷனல் இன்டர்வியூயிங். மாறச் சொல்லி வற்புறுத்தாமல், மாறுவதற்கான காரணங்களைச் சம்பந்தப்பட்டவரின் வாயாலேயே வரவைக்கும் உரையாடல் முறை இது. இதை 1983-ல் முதலில் எழுதியவர் அமெரிக்க உளவியலாளர் வில்லியம் மில்லர். ஆனால் இதன் வேர் அவருக்கு முந்தைய தலைமுறைக்காரரான கார்ல் ரோஜர்ஸிடம் இருக்கிறது.

யார் இந்த கார்ல் ரோஜர்ஸ்?

அமெரிக்காவின் சிகாகோ நகரை ஒட்டிய ஓக் பார்க்கில் 1902 ஜனவரி 8-ம் தேதி பிறந்தவர். 6 பிள்ளைகளில் 4-வது. அப்பா சிவில் இன்ஜினியர். வீட்டில் பக்தியும் கட்டுப்பாடும் ரொம்பவே அதிகம். மது, சீட்டாட்டம், நாடகம், நடனம் எதற்கும் அனுமதி கிடையாது. சோடா குடிப்பதுகூட லேசாகப் பாவம் செய்வதுபோல் தோன்றிய வீடு அது.

அவருக்கு 12 வயதானபோது குடும்பம் நகரத்தை விட்டு ஒரு பண்ணைக்குக் குடிபெயர்ந்தது. பிள்ளைகள் நகரத்தின் ஆசைகளில் விழுந்துவிடக் கூடாது என்பதும் அதற்கு ஒரு காரணம் என்று பின்னாளில் ரோஜர்ஸ் நினைத்தார். அங்கே அந்துப்பூச்சிகளைப் பிடித்து வளர்த்தார். கால்நடைத் தீவனம் பற்றிய தடிமனான புத்தகத்தைப் படித்து, ஒரு சோதனையை எப்படி நடத்துவது, இரண்டு குழுக்களை எப்படி ஒப்பிடுவது என்று கற்றுக்கொண்டார். மனசைப் பற்றிய விஷயத்தையும் அளந்து பார்க்க முடியும் என்ற எண்ணம் அவருக்கு வந்தது பண்ணையிலிருந்துதான்.

விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் விவசாயம் படிக்கப் போனவர், பாதிரியாராக வேண்டும் என்று வழியை மாற்றினார். 1922-ல் கிறிஸ்தவ மாணவர் மாநாட்டுக்காகச் சீனாவுக்குப் போனார். ஆறு மாதத்துக்கும் மேல் நீண்ட அந்தப் பயணத்தில், வீட்டில் கற்றுக்கொடுத்த நம்பிக்கைகளிலிருந்து மெல்ல விலகினார். 1924-ல் ஹெலன் என்ற பால்யத் தோழியைத் திருமணம் செய்துகொண்டு, நியூயார்க்கில் இறையியல் கல்லூரியில் சேர்ந்தார். இரண்டே வருடம். அதன் பிறகு எதிரே இருந்த கொலம்பியா பல்கலைக்கழகத்தின் ஆசிரியர் கல்லூரிக்கு மாறி உளவியல் படித்தார். இரண்டுக்கும் நடுவில் ஒரு தெருதான்.

கண்டுபிடித்தும் தீராத கேஸ்

1928-ல் நியூயார்க் மாநிலத்தின் ராச்செஸ்டர் நகரில், குழந்தைகள் நல அமைப்பு ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தார். கோர்ட்டும் சமூக நல அமைப்புகளும் அனுப்பிவைக்கும் பிள்ளைகளைப் பார்ப்பதுதான் வேலை. 12 வருடம் அங்கேயே இருந்தார்.

அப்போது உளவியலாளரின் வேலை ஏறக்குறைய டாக்டரின் வேலை மாதிரி. கேள்வி கேட்டு, காரணத்தைக் கண்டுபிடித்து, எதிரில் இருப்பவருக்கு விளக்கிச் சொல்ல வேண்டும். ரோஜர்ஸும் அதைத்தான் செய்தார். அடிக்கடி தீ வைக்கும் பழக்கம் உள்ள ஒரு பையனைப் பல நாள் விசாரித்து, அதற்குப் பின்னால் பாலியல் சார்ந்த மனப்போராட்டம் இருப்பதாகக் கண்டுபிடித்தார். அன்றைக்குப் பெரிய நிபுணர் ஒருவர் சொன்ன கோட்பாடும் அதுவே. கேஸ் முடிந்தது என்று நினைத்தார். வெளியே போன பையன் மறுபடியும் தீ வைத்தான்.

இன்னொரு சம்பவம் இதைவிட முக்கியமானது. அடங்காத ஒரு பையனின் அம்மா அவரிடம் வந்துகொண்டிருந்தார். சின்ன வயதில் அம்மா அந்தப் பையனை ஒதுக்கியதே பிரச்சினைக்குக் காரணம் என்று ரோஜர்ஸுக்குத் தெளிவாகத் தெரிந்தது. அதை அந்த அம்மாவுக்குப் புரியவைக்கப் பல சந்திப்புகளில் பக்குவமாக முயன்றார். ஒன்றும் எடுபடவில்லை. கடைசியில் ரோஜர்ஸே தோல்வியை ஒப்புக்கொண்டு, இதோடு நிறுத்திக்கொள்ளலாம் என்றார். அவரும் சரி என்று எழுந்தார்.

கதவு வரை போனவர் திரும்பிப் பார்த்தார். பெரியவர்களுக்கும் இங்கே கவுன்சலிங் உண்டா என்று கேட்டார். உண்டு என்றதும் திரும்பி வந்து நாற்காலியில் உட்கார்ந்து, தன் திருமண வாழ்க்கையின் வேதனையையெல்லாம் கொட்டத் தொடங்கினார். இத்தனை நாள் ரோஜர்ஸ் கேட்டு வாங்கிய சுத்தமான கேஸ் ஹிஸ்டரியில் இதெல்லாம் இப்படி வந்ததே இல்லை. அவர் விளக்கம் சொல்லாமல் கேட்க மட்டும் செய்தார். அந்தப் பெண்ணின் வாழ்க்கையும் மாறியது, பையனும் சரியானான்.

எங்கே வலிக்கிறது, எந்தப் பக்கம் போக வேண்டும் என்பது வந்தவருக்குத்தான் தெரியும் என்ற முடிவுக்கு ரோஜர்ஸ் வந்தது இப்படித்தான். கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று இருக்கிறது. அம்மாவைப் பற்றி அவர் கண்டுபிடித்தது தப்பாக இருந்திருக்க வேண்டியதில்லை. சரியாக இருந்தும் பிரயோஜனம் இல்லாமல் போனது.

இதே காலத்தில் இன்னொன்றும் நடந்தது. பெற்றோர் ஒருவரிடம் நிபுணர் நடத்திய உரையாடலின் எழுத்து வடிவத்தை, அருமையான உதாரணம் என்று அவர் மற்றவர்களுக்குக் காட்டிப் பாடம் நடத்தியிருந்தார். சில வருடம் கழித்து அதையே எடுத்துப் படித்தபோது அதிர்ந்துபோனார். வக்கீல் குறுக்கு விசாரணை செய்து குற்றத்தை ஒப்புக்கொள்ள வைப்பது போல் இருந்தது.

நோயாளி இல்லை, கிளையன்ட்

1940-ல் ஓஹயோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார். 1942-ல் வந்த அவருடைய கவுன்சலிங் புத்தகம் இரண்டு வழக்கங்களை உடைத்தது.

முதலாவது, உதவிக்கு வருபவரை நோயாளி என்று சொல்லாமல் கிளையன்ட் என்று அழைத்தது. இன்று உலகம் முழுக்கக் கவுன்சலர்கள் சாதாரணமாகச் சொல்லும் இந்த வார்த்தை பரவியதில் அந்தப் புத்தகத்துக்குப் பெரிய பங்கு உண்டு.

இரண்டாவது, ஒருவருக்கு நடந்த எட்டு சந்திப்புகளின் முழு உரையாடலையும் வார்த்தை விடாமல் அச்சிட்டது. டேப் ரிக்கார்டர் புழக்கத்துக்கு வராத காலம் அது. இசைத்தட்டு மாதிரியான தட்டுகளில்தான் பதிவு செய்ய வேண்டும். ஒரு பக்கம் சில நிமிடம்தான் ஓடும் என்பதால், இரண்டு மெஷின்களை மாற்றி மாற்றி ஓடவிட்டார்கள். அதுவரை கவுன்சலிங் அறைக்குள் என்ன நடந்தது என்பதற்கு அந்த நிபுணரின் ஞாபகம் மட்டுமே சாட்சி. தான் பேசியதைத் தானே கேட்டுப் பார்த்ததும், கவுன்சலர்கள் தங்களுக்குத் தெரியாமலேயே எவ்வளவு அறிவுரை சொல்கிறார்கள் என்பது வெளிச்சத்துக்கு வந்தது.

1945 முதல் 1957 வரை சிகாகோ பல்கலைக்கழகத்தில் கவுன்சலிங் மையம் நடத்தினார். கவுன்சலரிடம் இருக்க வேண்டியதாக மூன்று குணங்களை அங்கே வரையறுத்தார். வேஷம் போடாமல் உண்மையாக இருப்பது, நிபந்தனை இல்லாமல் ஏற்றுக்கொள்வது, எதிரில் இருப்பவரின் இடத்திலிருந்து உணர்ந்து புரிந்துகொள்வது. கிளையன்ட் சொல்வதைக் கிளிப்பிள்ளை மாதிரி திருப்பிச் சொல்பவர் என்று அவரைக் கிண்டல் செய்தவர்களும் உண்டு. அந்தக் கிண்டல் அவரை வருத்தியது. அவர் செய்தது வார்த்தையைத் திருப்பிச் சொல்வது கிடையாது. அந்த வார்த்தைக்குள் இருக்கும் அர்த்தத்தைத் தான் சரியாகப் புரிந்துகொண்டோமா என்று சரிபார்ப்பது.

அவரும் உடைந்த கதை

சிகாகோவில் கடுமையான மனநலப் பாதிப்பு உள்ள ஒரு பெண்ணுக்கு உதவ முயன்று, ரோஜர்ஸே நிலைகுலைந்தார். எங்கே ஏற்றுக்கொள்வது முடிகிறது, எங்கே தன் எல்லை தொடங்குகிறது என்று தெரியாமல் போனது. கேஸைச் சக மருத்துவர் ஒருவரிடம் ஒப்படைத்துவிட்டு, மனைவியோடு ஊரை விட்டே சில மாதம் கிளம்பிப் போனார். திரும்பி வந்ததும் தன்னிடம் வேலை பார்த்த ஒருவரிடமே கிளையன்ட்டாக உட்கார்ந்து தெரபி எடுத்துக்கொண்டார். அமெரிக்க உளவியல் சங்கத்தின் தலைவர் பதவியை வகித்து முடித்திருந்த ஒருவர் அதைச் செய்தார், மறைக்கவும் இல்லை.

1957-ல் விஸ்கான்சினுக்குத் திரும்பி, மருத்துவமனையில் இருந்த ஸ்கிசோஃப்ரினியா நோயாளிகளிடம் தன் முறையைச் சோதித்தார். அது எதிர்பார்த்த அளவு கைகொடுக்கவில்லை. ஆய்வுக் குழுவுக்குள் பெரிய சண்டையும் வந்தது. தன் முறை எல்லாருக்கும் எல்லா நோய்க்கும் மருந்து அல்ல என்பதை அவருடைய ஆய்வே காட்டியது எனலாம்.

பிறகு கலிஃபோர்னியாவுக்குக் குடிபெயர்ந்தார். வட அயர்லாந்தின் கத்தோலிக்கர்களையும் புராட்டஸ்டன்ட்களையும் ஒரே அறையில் உட்காரவைத்துப் பேசவிட்டார். தென்னாப்பிரிக்காவில் கறுப்பினத்தவரையும் வெள்ளையரையும் அப்படிப் பேசவைத்தார். கீழே விழுந்து இடுப்பெலும்பு முறிந்து, அறுவை சிகிச்சைக்குப் பின் 1987 பிப்ரவரி 4-ம் தேதி, 85 வயதில் இறந்தார்.

சோடாவே பாவமாகத் தெரிந்த வீட்டில் வளர்ந்த இந்த மனிதர், வயதான காலத்தில் அளவுக்கு மீறிக் குடித்தார் என்று அவர் வாழ்க்கை வரலாற்றை எழுதியவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். குடிப்பழக்கத்துக்கான புதிய முறை ஒன்று அவருடைய கருத்துகளிலிருந்தே பிறந்துகொண்டிருந்த காலமும் ஏறக்குறைய அதுதான்.

ரோஜர்ஸிடமிருந்து மில்லருக்கு வந்தது என்ன?

1970-களில் அமெரிக்காவில் குடிநோய் சிகிச்சை என்றாலே பல இடங்களில் மோதல்தான். உண்மையை மறுக்கிறாய், ஒப்புக்கொள் என்று நெருக்குவார்கள். வில்லியம் மில்லர் அப்போது அதிகம் குடிப்பவர்களுக்கான பயிற்சிமுறைகளை ஆய்வு செய்துகொண்டிருந்தார். 1980-ல் வெளியான ஆய்வில் ஒரு விஷயம் கண்ணில் பட்டது. எந்தப் பயிற்சி என்பதைவிட, எந்தக் கவுன்சலர் என்பது முக்கியமாக இருந்தது. ரோஜர்ஸ் சொன்ன அந்தப் புரிந்துகொள்ளும் குணம் அதிகம் இருந்தவர்களிடம் வந்தவர்கள்தான் குடியை அதிகம் குறைத்திருந்தார்கள்.

1982-ல் நார்வேயின் பெர்கன் நகருக்குப் போனபோது, அங்கிருந்த இளம் உளவியலாளர்கள் மில்லரை நடித்துக் காட்டச் சொல்லி, ஒவ்வொரு வரியிலும் நிறுத்தினார்கள். ஏன் இதைக் கேட்டீர்கள், ஏன் அதை விட்டீர்கள் என்று குடைந்தார்கள். அவர்களுக்குப் பதில் சொல்லும்போதுதான் தான் என்ன செய்கிறோம் என்பதே அவருக்குப் பிடிபட்டது. அடுத்த வருடம் கட்டுரை வந்தது. 1991-ல் ஸ்டீஃபன் ரோல்னிக்குடன் சேர்ந்து புத்தகமாக்கினார். அதைப் பார்க்க ரோஜர்ஸ் இல்லை.

இதன் அடிப்படை எளிமையானது. குடிப்பவருக்குள் விடணும், வேண்டாம் என்று இரண்டு குரல் எப்போதும் இருக்கும். நீங்கள் விடணும் என்ற பக்கத்தை எடுத்தால், மிச்சமிருக்கும் பக்கத்தை அவர் எடுத்துக்கொள்வார். ஆபீஸ் டென்ஷன், தூக்கம் வரலை என்று காரணம் அடுக்குவார். தன் வாயால் சொல்லச் சொல்ல, அதை அவரே இன்னும் கெட்டியாக நம்பத் தொடங்குவார். வீட்டில் தினமும் நடக்கும் சண்டையின் கணக்கு இதுதான்.

ரோஜர்ஸுக்கும் இதற்கும் ஒரு வித்தியாசம் உண்டு. ரோஜர்ஸ் கிளையன்ட்டை எந்தத் திசையிலும் திருப்பக் கூடாது என்றார். மோட்டிவேஷனல் இன்டர்வியூயிங்கில் திசை உண்டு. கிளையன்ட் பேசுவதில் மாற்றத்தை நோக்கிய வார்த்தை எது வந்தாலும், கவுன்சலர் அதைப் பிடித்துக்கொண்டு மேலும் பேசவைப்பார்.

ஆனால் ரோஜர்ஸ் நிஜமாகவே திசை காட்டாமல் இருந்தாரா? சார்ல்ஸ் ட்ருவாக்ஸ், ரோஜர்ஸின் ஒரு நீண்ட கேஸின் பதிவுகளை அலசி 1966-ல் வெளியிட்டார். சில வகைப் பேச்சுகளுக்கு ரோஜர்ஸ் கூடுதல் அன்போடு பதில் சொல்லியிருந்தார், அந்த வகைப் பேச்சுகள் போகப் போக அதிகமாகியிருந்தன. பரிசு கொடுத்தால் நடத்தை கூடும் என்று சொன்ன பி.எஃப்.ஸ்கின்னரோடு மேடை ஏறி வாதாடியவர் ரோஜர்ஸ் என்பதை நினைத்தால், இது கொஞ்சம் வேடிக்கைதான். அவர் தெரியாமல் செய்ததை, மில்லர் தெரிந்தே செய்யும் முறையாக்கினார்.

இது மந்திரக்கோல் இல்லை. நூற்றுக்கணக்கான சோதனைகளில் இதன் பலன் மிதமாகத்தான் இருக்கிறது, கவுன்சலரைப் பொறுத்து மாறவும் செய்கிறது. ஆனாலும் ஒன்றிரண்டு சந்திப்புகளிலேயே பயன்படுத்த முடியும் என்பதால், குடி, புகை, சர்க்கரை நோய் எனப் பல இடங்களுக்கும் போயிருக்கிறது.

இதில் பிரபலமான ஒரு கேள்வி உண்டு. குடியை விடுவது உங்களுக்கு எவ்வளவு முக்கியம், 0 முதல் 10-க்குள் ஒரு எண் சொல்லுங்கள் என்பார் கவுன்சலர். வந்தவர் 4 என்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ஏன் 8 இல்லை என்று கேட்டால், விட முடியாததற்கான காரணங்கள் வரிசையாக வரும். அதனால் கவுன்சலர் அப்படிக் கேட்க மாட்டார். ஏன் 4, ஏன் 1 இல்லை என்று கேட்பார். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, மகள் பள்ளிக்கூடத்துக்குத் தன்னோடு வர மறுப்பதைப் பற்றியோ, போன மாதம் வந்த ரத்தப் பரிசோதனை முடிவைப் பற்றியோ அவரே பேசத் தொடங்குவார்.