தாவரங்களுக்குப் பெயர் தந்த தகைமையாளர்

ஒரு செடிக்கு ஊருக்கொரு பெயர் வழங்குமாயின், மருத்துவர் ஒன்றைக் கேட்க வணிகர் வேறொன்றைக் கொடுப்பார். பெயர் பிழைத்தால் மருந்தும் பிழைக்கும். இக்குழப்பத்தைத் தீர்ப்பதையே வாழ்நாட் பணியாக ஏற்றவர், சுவீடன் நாட்டு அறிஞர் கரோலஸ் லின்னேயஸ்.

அவர் 1707ஆம் ஆண்டு மே 23ஆம் நாள் ராஷுல்ட் என்னும் சிற்றூரில் பிறந்தார். தந்தை நில்ஸ் ஒரு கிறித்தவப் போதகர். தோட்டக் கலையில் பெருவிருப்புடையவர். நில்ஸ் தம் குடும்ப நிலத்தில் நின்ற லிண்டன் மரத்தின் பெயரைக் கொண்டே லின்னேயஸ் என்னும் குடும்பப் பெயரை அமைத்துக்கொண்டார். மரத்தின் பெயரைத் தாங்கிப் பிறந்த மகன், உலகத்து மரஞ்செடிகளுக்கெல்லாம் பெயர் சூட்டப் புறப்பட்டார்.

மருத்துவம் பயின்ற லின்னேயஸ் 1732இல் லாப்லாந்தின் பனிநிலங்களில் பயணம் செய்தார். 1735இல் வெளியிட்ட 'சிஸ்டமா நேச்சுரே' நூலில், மகரந்தத்தாள்களின் எண்ணிக்கை முதலியவற்றைக் கொண்டு தாவரங்களை 24 வகுப்புகளாகப் பகுத்தார். 1741இல் உப்சாலா பல்கலைக்கழகப் பேராசிரியரானார்.

உலர்த்திய செடிகளை ஏடாகக் கட்டி வைப்பதே அந்நாளைய பெருவழக்கு. கட்டிய ஏட்டின் இடையில் புதிய செடியைச் சேர்க்க இயலாது. எனவே லின்னேயஸ் ஒரு தாளில் ஒரு செடியை மட்டும் ஒட்டி, தாள்களைக் கட்டாமல் பேழைத் தட்டுகளில் அடுக்கினார். வகைப்பாடு மாறினால் தாளும் இடம் மாறும். 1760களில் ஒரே அளவான சிறு சீட்டுகளில் குறிப்பெழுதும் முறையையும் கையாண்டார். மாதிரி ஒவ்வொன்றுக்கும் தனிப்பதிவு வைக்கும் இன்றைய கணினித் தரவுத்தளங்களுக்கு இவை முன்னோடி எனலாம்.

பால் ஹெர்மன் என்னும் மருத்துவர் 1670களில் இலங்கையில் திரட்டிய உலர் தாவரத் தொகுப்பு, அவர் இறந்து அரை நூற்றாண்டுக்குப் பின் லின்னேயஸ் கைக்கு வந்தது. இலங்கையைக் காணாமலே, அத்தாள்களை ஆராய்ந்து 1747இல் 'ஃபுளோரா ஸெய்லானிகா' என்னும் நூலை எழுதினார். தாளில் உலர்ந்த செடி, திரட்டியவர் மறைந்த பின்னும் சான்று பகர்ந்தது.

அதுவரை தாவரப் பெயர்கள் நீண்ட இலத்தீன் தொடர்களாகவே இருந்தன. 1753இல் வெளிவந்த 'ஸ்பீசிஸ் பிளாண்டாரம்' ஏறத்தாழ ஆறாயிரம் தாவரங்களுக்குப் பேரினம், சிற்றினம் என இரு சொற்களில் பெயர் தந்தது. நம் வேம்பு அதில் மீலியா அஸாடிராக்டா ஆயிற்று; அஸாடிராக்டா என்பது பாரசீகச் சொல்லிலிருந்து வந்தது. 1830இல் ஜுஸ்ஸியூ அதனை அஸாடிராக்டா இண்டிகா என மாற்றினார். பழைய பெயர் அழிக்கப்படவில்லை; இணைப்பெயராகப் புதிய பெயருடன் சேர்த்தே பதியப்படுகிறது. அதனாலேயே பழைய நூலில் கண்ட செடியை இன்றும் இனங்காண முடிகிறது.

அவரிடம் குறையும் உண்டு. பல தாள்களில் செடி கிடைத்த இடத்தையும் நாளையும் அவர் எழுதவில்லை. எழுதாமல் விட்ட ஒரு வரியால், பிற்கால ஆய்வாளர் பெரிதும் இடர்ப்பட்டனர்.

1774இல் வாதநோய் தாக்கியது. ஆயிரமாயிரம் பெயர்களைச் சுமந்த நினைவாற்றல் படிப்படியாக மங்க, 1778 ஜனவரி 10ஆம் நாள் மறைந்தார். மகனும் 1783இல் இறந்தபின், குடும்பத்தார் அத்தொகுப்பை ஜேம்ஸ் எட்வர்ட் ஸ்மித் என்னும் ஆங்கில இளைஞருக்கு விற்றனர். ஸ்மித் 1788இல் இலண்டனில் லின்னேயக் கழகத்தை நிறுவினார். அத்தாள்கள் இன்றும் அக்கழகத்தின் காப்பில் உள்ளன. அவற்றின் படங்களைக் கணினி வழியே எவரும் காணலாம்.

அவர் வகுத்த 24 வகுப்புகள் வழக்கொழிந்தன. அவர் சூட்டிய பெயர்கள் நிலைத்தன. ஒவ்வொரு பெயருக்கும் பின்னால் ஒரு சான்று தேடப்பட்டு, பேணப்பட்டு வந்ததே காரணம். தாவரவியல் கூடத்தில் செடியைத் தாளில் ஒட்டும் மாணவர், பெயரோடு இடத்தையும் நாளையும் எழுத மறவாதிருப்பாராக. அந்த ஒரு வரிக்காக, இன்னும் பிறவாத ஓர் ஆய்வாளர் காத்திருக்கக்கூடும்.