கண்ணொளி காத்த டாண்டர்ஸ்

ஐம்பொறிகளுள் கண்ணுக்கு உள்ள சிறப்புப் பெரிது. கற்பதற்கும், தொழில் புரிவதற்கும், வழி நடப்பதற்கும் கண்ணே உற்ற துணையாகும். அக்கண் நோய் ஏதுமின்றி இருந்தும் பொருள்கள் தெளிவாகத் தோன்றாமற் போவது உண்டு. ஏற்ற மூக்குக்கண்ணாடி ஒன்றே அக்குறையைப் போக்கிவிடும். இவ்வுண்மை இன்று எளிதாகத் தோன்றினும், இதனை முறைப்பட ஆராய்ந்து மருத்துவ உலகம் ஏற்குமாறு நிலைநாட்டியவர், ஆலந்து நாட்டு அறிஞர் பிரான்சிஸ்கஸ் கார்னெலிஸ் டாண்டர்ஸ் ஆவார்.

இளமையும் கல்வியும்

டாண்டர்ஸ் 1818-ஆம் ஆண்டு மே திங்கள் 27-ஆம் நாள் டில்பர்க் என்னும் ஊரில் பிறந்தார். பெண்மக்கள் எண்மருக்குப் பின் பிறந்த ஒரே ஆண்மகவு அவர். அவர் பிறந்த சின்னாளிலேயே தந்தையார் இறந்தார். தாயாரே அப்பெருங்குடும்பத்தைத் தாங்கினார். பதினேழாம் அகவையில் டாண்டர்ஸ் உட்ரெக்ட் நகரிலிருந்த படைமருத்துவப் பள்ளியிற் சேர்ந்தார். பயிற்சி முடிந்ததும் சில காலம் படைமருத்துவராகப் பணியாற்றினார். 1842-ஆம் ஆண்டில் தாம் பயின்ற பள்ளிக்கே ஆசிரியராக வந்தார். ஐந்தாண்டுகளில் உட்ரெக்ட் பல்கலைக்கழகம் அவரைப் பேராசிரியராக ஏற்றுக்கொண்டது. அந்நாளில் செர்மன் மொழியிலிருந்த கண் மருத்துவ நூலொன்றை அவர் தம் தாய்மொழியிற் பெயர்த்தார். அப்பணியே அவர் உள்ளத்தைக் கண்ணின்பால் ஈர்த்தது.

அக்கால நிலை

மூக்குக்கண்ணாடி பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியிலேயே இத்தாலி நாட்டில் தோன்றிவிட்டது. ஆயினும், அதன்பின் ஏறத்தாழ அறுநூறு ஆண்டுகள் வரை அதனை அளந்து கொடுக்கும் முறை செம்மையுறவில்லை. தெருவில் திரியும் வணிகரிடம் மக்கள் ஒவ்வொன்றாக அணிந்து பார்த்துத் தமக்குப் பொருந்துவதாகத் தோன்றியதை வாங்கினர். மருத்துவர் பலர் அதனைத் தம் கடமையாகக் கருதவில்லை.

இதனால் விளைந்த துன்பம் சிறிதன்று. தையற்காரர், எழுத்தர், செருப்புத் தைப்போர் ஆகியோருட் சிலர் சிறிது நேரம் வேலை செய்தவுடன் கண் கலங்கி, நெற்றி வலித்து, எழுத்தும் ஊசியும் மங்கக் கண்டனர். விழியின் உட்திரை நலிவுற்றது என்று மருத்துவர் அஞ்சினர். குவிந்த வில்லைகளை அணிந்தாற் கண் மேலும் கெடும் எனத் தடுத்தனர். தொழிலையே கைவிடுமாறு கூறினர். தொழிலை விட்டால் ஏழையின் அடுப்பு எரிவது எங்ஙனம்? கெடாத கண்ணைக் கெட்டதென்று எண்ணிப் பிழைப்பை இழந்தோர் பலராயினர்.

இலண்டனிற் பெற்ற நட்பு

1851-ஆம் ஆண்டில் இலண்டன் மாநகரில் பெரும் பொருட்காட்சி ஒன்று நடைபெற்றது. அவ்வாண்டில் அங்குச் சென்ற டாண்டர்ஸ், ஆங்கில அறிஞர் போமன், செர்மானியக் கண் மருத்துவர் கிரேஃபே ஆகிய இருவரின் நட்பைப் பெற்றார். கிரேஃபே அவரினும் பத்தாண்டு இளையவர். ஆயினும், இளையவரிடம் கற்றுக்கொள்ள டாண்டர்ஸ் நாணவில்லை. அவ்வாண்டிலேயே எல்ம்ஹோல்ட்ஸ் என்னும் அறிஞர் விழியின் உட்புறத்தைக் காட்டும் கருவியை வெளியிட்டார். தாயகம் திரும்பிய டாண்டர்ஸ் கண் மருத்துவத்தையே தம் முதற்பணியாக மேற்கொண்டார்.

அவர் கண்ட உண்மை

நலமுள்ள கண்ணில் தொலைவிலிருந்து வரும் ஒளி உட்திரையின்மேல் சரியாகக் குவியும். விழி நீண்டிருந்தால் ஒளி திரைக்கு முன்னே குவியும், இது கிட்டப்பார்வை. விழி குறுகியிருந்தால் ஒளி திரைக்கு அப்பாற் குவிய முற்படும், இது தூரப்பார்வை. தூரப்பார்வையுடையார் அருகிலுள்ள பொருளைக் காண, விழியினுள் இருக்கும் தசை ஓயாது இறுகி வில்லையைத் தடிக்கச் செய்ய வேண்டும். அவ்வுழைப்பே தையற்காரரின் நெற்றிவலிக்குக் காரணம் என்று டாண்டர்ஸ் தெளிந்தார். கண் நலிவுறவில்லை, மிகையாக உழைத்துக் களைத்தது. முன்னோர் அஞ்சி விலக்கிய குவிந்த வில்லையே அதற்கு மருந்தாயிற்று.

குழந்தைகளின் மாறுகண்ணுக்கும் பல நேரங்களில் இம்மிகை உழைப்பே காரணம் என அவர் கண்டார். முதுமையில் வரும் வெள்ளெழுத்து வேறு, தூரப்பார்வை வேறு என்பதையும் அவர் பிரித்துக் காட்டினார். முன்னது அகவை ஏற ஏற விழியின் வில்லை இறுகுவதால் வருவது. பின்னது விழியின் அமைப்பால் நேர்வது.

ஏழையர்க்கு மருத்துவமனை

அறிந்த உண்மை ஏட்டளவில் நின்றாற் பயனில்லை அன்றோ? 1858-ஆம் ஆண்டில் வறியோர்க்கும் பொருள் குறைந்தோர்க்கும் உரிய கண் மருத்துவமனை ஒன்றை அவர் உட்ரெக்ட் நகரில் நிறுவினார். அங்கு அவருடன் உழைத்தவர் ஸ்நெல்லன். பெரிய எழுத்து முதல் சிறிய எழுத்து வரை வரிவரியாக அமைந்த பார்வை அட்டையை 1862-இல் வெளியிட்டவர் இவரே. அதனால் பார்வையை யாரும் ஒரே முறையில் அளக்க வழி பிறந்தது.

டாண்டர்ஸ் தம் ஆராய்ச்சி முழுவதையும் பெருநூலாக எழுதினார். அது 1864-இல் ஆங்கில மொழிபெயர்ப்பாக இலண்டனில் வெளிவந்தது. அதன்பின் மூக்குக்கண்ணாடி அளித்தல் மருத்துவக் கலையின் ஒரு கூறாயிற்று.

இறுதி நாள்கள்

1888-இல் எழுபது அகவை நிறைந்து அவர் ஓய்வு பெற்றபோது, பல நாட்டு அன்பர்கள் பொருள் திரட்டி அவருக்கு அளித்தனர். அதனை அவர் தமக்கென வைத்துக்கொள்ளவில்லை. இளம் ஆராய்ச்சியாளர்க்கு உதவும் அறநிதியாக்கினார். மறு ஆண்டு மார்ச்சுத் திங்கள் 24-ஆம் நாள் அவர் இவ்வுலக வாழ்வை நீத்தார்.

அவர் தொடங்கிய பணி இன்னும் நிறைவுறவில்லை. வெள்ளெழுத்துக்குரிய கண்ணாடி கிடையாமல் அருகிலுள்ளதைக் காண இயலாதோர் 82 கோடியே 60 இலட்சம் பேர் என்று, 2019-இல் உலக நலவாழ்வு நிறுவனம் வெளியிட்ட அறிக்கை கூறியது. இவர்களேயன்றித் தொலைவிலுள்ளதைத் தெளிவாகக் காண இயலாமல், அதற்குரிய கண்ணாடியும் பெறாதோர் 12 கோடிக்கு மேற்பட்டவர். கரும்பலகை தெரியாத சிறுவன் மந்தன் என்று இகழப்படுவதும், ஊசியிற் கண் பதியாத முதியவள் வேலை இழப்பதும் இதனாலேயே. கண் மங்கினால் மறைத்தல் தகாது. கண்ணாடி அணிவதற்கு நாணுதலும் தகாது. உரிய காலத்தில் பார்வையை அளந்தறிந்து குறை தீர்த்துக்கொள்வதும், பிறர்க்கு அவ்வழி காட்டுவதுமே டாண்டர்ஸின் நினைவுக்கு நாம் செய்யும் சிறப்பாகும்.