கல்லூரி வாயிலைத் திறந்த அண்ணல்

நம் கல்விச் சங்கம் வெள்ளி விழாக் காணும் இவ்வேளையில், ஒடுக்கப்பட்ட பிள்ளைகள் கல்லூரிப் படி ஏற வழிவகுத்த அண்ணல் அம்பேத்கரின் வாழ்வை நினைவுகூர்தல் நம் கடமையாகும்.

1891ஆம் ஆண்டு ஏப்ரல் 14ஆம் நாள் மாவ் நகரில் அவர் பிறந்தார். பள்ளியில் கோணிப்பையின்மேல் தனியே அமர்ந்து பயின்றார்; தண்ணீர்ப் பானையைத் தொடவும் உரிமையற்றிருந்தார். மகன் கேட்ட நூலை வாங்குதற்குத் தந்தை ராம்ஜி, மணமாகிச் சென்ற மகளின் நகையை இரவல் பெற்று அடகு வைத்ததும் உண்டு. 1907இல் மெட்ரிகுலேஷன் தேறினார். இடைநிலைத் தேர்வுக்குப்பின் பொருளின்றிப் படிப்பு தடைப்படும் நிலை வந்தபோது, கேளுஸ்கர் என்னும் ஆசிரியப் பெருந்தகை அவரைப் பரோடா மன்னர் சயாஜிராவிடம் அழைத்துச் சென்றார். மன்னர் திங்கள்தோறும் 25 ரூபாய் உதவினார். அவ்வுதவியால் எல்பின்ஸ்டன் கல்லூரியில் பட்டம் பெற்ற அண்ணல், 1913இல் அமெரிக்கா சென்று கொலம்பியா பல்கலைக்கழகத்திலும், பின்னர் இலண்டனிலும் பயின்று பேரறிஞராகத் திகழ்ந்தார்.

தமக்குக் கிடைத்த கைத்தாங்கல் தம்மோடு நின்றுவிடலாகாது என்பதை அவர்தம் செயல்களே காட்டின. 1924இல் பகிஷ்கிருத ஹிதகாரிணி சபையை நிறுவி, மறு ஆண்டே சோலாப்பூரில் மாணவர் விடுதி திறந்தார். வைசிராயின் நிர்வாகக் குழுவில் அங்கம் வகித்த காலத்தில், தாழ்த்தப்பட்ட மாணவரின் உயர்கல்விக்கு ஆண்டுக்கு 3 லட்சம் ரூபாய் ஒதுக்கச் செய்தார். 1945இல் மக்கள் கல்விக் கழகம் கண்டார். 1946இல் பம்பாயில் சித்தார்த்தா கல்லூரியைத் தொடங்கி, பகலில் வேலைக்குச் செல்லும் இளைஞரும் பயிலுமாறு காலை வகுப்புகள் நடத்தச் செய்தார். 1950இல் ஔரங்காபாத்திலும் கல்லூரி எழுந்தது. 1956 டிசம்பர் 6இல் அண்ணல் மறைந்தார். அவர் திறந்த வாயில் மூடவில்லை.

தலைமையாசிரியன் என்ற முறையில் நான் கண்டு வருந்துவது ஒன்றுண்டு. நல்ல மதிப்பெண் பெற்றும், எந்தப் பாடம் எடுப்பது, உதவித்தொகைக்கு எங்கே விண்ணப்பிப்பது என வழிகாட்ட ஆளின்றி, சான்றிதழைப் பெட்டியில் வைத்துவிட்டுக் கூலி வேலைக்குச் சென்ற பிள்ளைகள் பலர். அவர்களிடம் அறிவுக்குக் குறைவில்லை. உடன் வர ஒரு கேளுஸ்கர் இல்லை என்பதே குறை.

ஆதலின், நம் ஜலகண்டாபுரத்தில் பட்டம் பெற்ற ஒவ்வொருவரும், தேர்வெழுதும் ஒரு பிள்ளையையேனும் தம் பொறுப்பில் ஏற்று, பாடம் சொல்லிக்கொடுத்து, விண்ணப்பம் நிரப்பி, கல்லூரியில் சேரும் நாள்வரை உடன் நிற்றல் வேண்டும். அதுவே அண்ணலுக்கு நாம் செலுத்தும் உண்மையான அஞ்சலியாகும்.