ஆசிரியர் உள்ளமும் மாணவர் உள்ளமும் அறிந்த அடிகளார்

ஒரு பாடசாலையின் உயர்வைக் கட்டடத்தைக் கொண்டும் பரீட்சைப் பெறுபேற்றைக் கொண்டும் அளப்பது நம்மவர் வழக்கம். காலையில் அங்கு நுழையும் பிள்ளை எத்தகைய மனத்தோடு நுழைகிறது, அதனை எதிர்கொள்ளும் ஆசிரியர் எத்தகைய மனத்தோடு நிற்கிறார் என்று நாம் வினவுவது அரிது. கல்வி வேரூன்றுவதோ அவ்விரு உள்ளங்களிலேதான். இவ்வுண்மையை வாழ்ந்து காட்டிய ஈழத்துப் பெரியார் சுவாமி விபுலாநந்தர் ஆவர். அன்னாரை இம்மலரில் நினைவுகூர்வது எமது கடமையெனக் கருதுகின்றோம்.

அடிகளார் 1892ஆம் ஆண்டு மார்ச் 27ஆம் நாள் கிழக்கிலங்கைக் காரைதீவிலே சாமித்தம்பியாருக்கும் கண்ணம்மையாருக்கும் மைந்தராய்த் தோன்றினார். பிள்ளைப் பெயர் மயில்வாகனன். மட்டக்களப்பு அர்ச். மிக்கேல் கல்லூரியிற் பயின்று, 1908இல், தமது 16ஆம் வயதில், கேம்பிறிட்ஜ் சீனியர் பரீட்சையிற் சித்தியெய்தினார். விரைவிலேயே ஆசிரியப் பணியும் ஏற்றார்.

ஆசிரியரானதும் அவர் மாணவராயிருப்பதை விட்டுவிடவில்லை. கொழும்பிலே ஆசிரியப் பயிற்சி பெற்றார். 1916இல் விஞ்ஞான டிப்ளோமாவும், மதுரைத் தமிழ்ச் சங்கப் பண்டிதர் பட்டமும் பெற்றார். யாழ்ப்பாணம் சம்பத்திரிசியார் கல்லூரியில் விஞ்ஞானம் கற்பித்துக்கொண்டே படித்து, 1920இல் இலண்டன் பல்கலைக்கழகப் பி.எஸ்ஸி. பட்டதாரியாகி, மானிப்பாய் இந்துக் கல்லூரியின் அதிபருமானார். தாம் கற்றுக்கொண்டேயிருக்கும் ஆசிரியருக்கு வகுப்பறை சலிப்பதில்லை. அவருடைய ஆர்வமே மாணவரையும் பற்றிக்கொள்ளும்.

பதவியும் வருவாயும் கைவந்த வேளையில் அவற்றைத் துறந்து, 1922இல் சென்னை இராமகிருஷ்ண மடத்தை அடைந்தார். 1924இல் சுவாமி சிவானந்தரிடம் துறவு பெற்று விபுலாநந்தர் ஆனார். ஆயினும் துறவி வகுப்பறையைத் துறந்தாரல்லர். 1925இல் தாயகம் திரும்பி, இராமகிருஷ்ண சங்கப் பாடசாலைகளின் பொறுப்பை ஏற்றார். 1929இல் மட்டக்களப்புக் கல்லடி உப்போடையில் எழுந்த கல்லூரிக்குத் தம் குருவின் பெயரைச் சூட்டிச் சிவானந்த வித்தியாலயம் என்றார். ஆசிரியரைப் போற்றுவது எப்படியென்று மாணவருக்குக் காட்ட இதனினும் நல்ல பாடம் வேறுண்டோ?

ஆதரவற்ற சிறுவர்க்கு இல்லம் அமைத்து, அங்கு உணவும் உறைவிடமும் கிடைக்கச் செய்தார். பசித்த வயிற்றுக்கும் அஞ்சிய நெஞ்சுக்கும் பாடம் ஏறாது என்பதை அவர் நன்கறிவார். 1931இல் சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியரானபோதும், அயலிலுள்ள திருவேட்களத்தில், சாதியின் பெயரால் ஒதுக்கப்பட்டோர் குடியிருப்புக்குச் சென்று கற்பித்தார். பேராசிரியரே தம் வாயில் தேடி வந்தபோது, அப்பிள்ளைகள் எழுத்தோடு தம் மதிப்பையும் சேர்த்தே கற்றிருப்பர் அன்றோ?

1943இல் அடிகளார் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியரானார். அதே ஆண்டில் அமெரிக்க உளவியலறிஞர் ஆபிரகாம் மாஸ்லோ மனிதரின் தேவைகளை வரிசைப்படுத்தினார்: உணவு, பாதுகாப்பு, அன்பும் உறவும், மதிப்பு, இறுதியாகத் தன் ஆற்றல் முழுதும் மலர்தல். ஒருவரையொருவர் அறியாத அவ்விருவரும் கண்ட உண்மை ஒன்றே. அத்தேவைகள் மாணவருக்கு மட்டுமல்ல, ஆசிரியருக்கும் உரியவை.

அவ்விறுதித் தேவை அடிகளாரிடம் நிறைவெய்தியதற்கு யாழ்நூலே சான்று. விஞ்ஞானமும் தமிழும் கூடிப் பல்லாண்டு ஆராய்ச்சியில் விளைந்த அந்நூல், 1947 ஜூன் மாதம் திருக்கொள்ளம்புதூரில் அரங்கேறியது. அவ்வாண்டு ஜூலை 19ஆம் நாள் அடிகளார் மறைந்தார். அவரது சமாதி சிவானந்த வித்தியாலயச் சூழலிலேயே அமைந்துள்ளது.

அன்பர்களே! அடிகளார் வாழ்வு கனமூலை முதலிய எமது புத்தளக் கரையோரச் சிற்றூர்களுக்கும் வழிகாட்டுவதாகும். தந்தை கடலுக்கோ உப்பளத்துக்கோ தென்னந்தோட்டத்துக்கோ செல்ல, பிள்ளை காலையுணவின்றிப் பள்ளிக்கு வருமாயின், பிரம்பு அதன் பசியைத் தீர்க்குமோ? தொலைவூரிலிருந்து வந்த ஆசிரியர் நல்ல அறையும் நாலு பேர் உறவும் இல்லாது இடமாற்றத்தை எண்ணி நாள் கழிப்பாராயின், குறை அவருடையது மட்டுமாகுமோ?

எனவே இளைஞர் மாலை வகுப்பு நடத்துக. பின்தங்கிய பிள்ளையைப் பலர் முன் இகழாதிருக்க. பெரியோர் புதிய ஆசிரியரை வீட்டுக்கழைத்து உறவு கொள்க. இந்துப் பிள்ளை, இஸ்லாமியப் பிள்ளை என்ற பேதமின்றி, அருகருகே வாழும் எல்லார்க்கும் இப்பணி உரியதாகுக. அடிகளாருக்கு நாம் சாத்தும் மாலை இதுவே.